பாட்டு கேட்க எங்கே நிற்பது? வடசென்னையிலிருந்து ராக் திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கானா கச்சேரியில் எவ்வளவு கிட்டே உட்காருகிறோமோ அவ்வளவு சுகம். டோலக்கில் விரல் புரள்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது காதில் விழ வேண்டும். ராயபுரம், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று பந்தலுக்குள்ளேயே பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். அதே பழக்கத்தோடு ராக் திருவிழாவுக்குப் போய், வாசல் திறந்ததும் ஓடி முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் பாடகரின் முகம் நன்றாகத் தெரியும். பாட்டு சரியாகக் கேட்காது.

பந்தலில் நம் காதுக்கு வருவதில் பெரும்பகுதி வாத்தியத்திலிருந்தும் தொண்டையிலிருந்தும் நேரே வரும் சத்தம். ஒரு மைக், இரண்டு பாக்ஸ் இருந்தாலும் அவை துணைக்குத்தான். ராக் மேடையில் அப்படி இல்லை. ட்ரம்ஸுக்கே எட்டுப் பத்து மைக் வைத்திருப்பார்கள். கிட்டார்கள், பேஸ் கிட்டார், கீபோர்டு, வாய்ஸ் என்று எல்லாம் தனித்தனி வயரில் ஒரு மிக்சருக்குப் போகும். அந்த மிக்சர் மைதானத்தின் நடுவில், மேடையிலிருந்து ஏறக்குறைய 25 முதல் 40 மீட்டர் தள்ளி, ஒரு கூடாரத்துக்குள் இருக்கும். பாட்டு என்று நாம் சொல்வது அந்தக் கூடாரத்தில்தான் உருவாகிறது. சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் கலக்குகிறார். அவர் காது இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறோமோ அவ்வளவு நன்றாகக் கேட்கும்.

முன்வரிசையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோர்த்து வளைவாகத் தொங்கவிடப்பட்ட ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு லைன் அரே என்று பெயர். வாய்ஸும் கிட்டாரும் அங்கிருந்துதான் கூட்டத்துக்கு வருகின்றன. முதல் சில வரிசைகளில் நிற்பவர்கள் தலைக்கு மேலே அந்தச் சத்தம் தாண்டிப் போய்விடும். மேடை விளிம்பில் சின்னச் சின்ன பாக்ஸ்கள் வைத்து முன்வரிசைக்கு வாய்ஸ் கொடுப்பார்கள். அவை பலவீனமாக இருந்தால் வார்த்தையே புரியாது. அதே சமயம் மேடையில் அடிக்கிற ட்ரம்ஸின் ஸ்நேரும் சிம்பலும் நேராக முகத்தில் அறையும். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப் எதிரே நின்றால் அந்த ஒரு கிட்டார் மட்டும், அதுவும் ஈட்டி மாதிரி அதன் மேல்சுருதிச் சத்தமான ட்ரெபிள் மட்டும் கேட்கும். இப்போது பல குழுக்கள் மேடையில் ஆம்பே வைக்காமல், காதுக்குள் இயர்பீஸ் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். அப்படிப்பட்ட மேடைக்கு முன்னால் நின்றால் கிட்டார் கையில் அசைவது தெரியும், சத்தம் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் போகும். இதோடு, முன்னால் தரையில் அடுக்கியிருக்கும், தாழ்ந்த சத்தமான பேஸை மட்டும் கொடுக்கும் சப்ஊஃபர் பாக்ஸ்கள் நெஞ்சுக்கூட்டை உலுக்கும். அந்த அதிர்வை நல்ல சவுண்ட் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆகவே முதல் விதி: மிக்சர் கூடாரத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கு முன்னால் ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் நில்லுங்கள். கூடாரத்துக்குப் பின்னால் போக வேண்டாம். அதன் கூரையும் கம்பங்களும் மேடையை மறைக்கும், ட்ரெபிளையும் கொஞ்சம் தின்னும்.

நேர்நடுவிலா, ஓரமாகவா என்பதற்கும் கணக்கு உண்டு. இடதும் வலதுமாக இரண்டு சப்ஊஃபர் அடுக்குகள் இருந்தால் நேர்நடுவில் இரண்டின் பேஸும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அங்கே பேஸ் தேவைக்கு அதிகம். நடுவை விட்டு விலக விலக ஒரு அடுக்கிலிருந்து வரும் அலை மற்றதைவிடப் பிந்தி வரும். பேஸில் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். ஒன்று மற்றதைவிட 3 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அடுக்குகளுக்கு இடையே 16 மீட்டர், நீங்கள் நிற்பது 30 மீட்டர் தூரம் என்றால், நடுவிலிருந்து ஐந்தாறு மீட்டர் பக்கவாட்டில் போனதும் அந்தப் பள்ளம் வந்துவிடும். காலால் அடிக்கும் பெரிய கிக் ட்ரம் திடீரென்று அட்டைப்பெட்டி தட்டுவது போலக் கேட்டால் சவுண்ட் செட்டைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு மீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து பாருங்கள், பேஸ் திரும்பி வந்துவிடும். என் தேர்வு, நடுவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகிய இடம்: பேஸ் அடங்கி, வாய்ஸ் மேலே எழும். சப்ஊஃபர்களை மேடை முழுவதும் ஒரே வரிசையாகப் பரப்பியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரொம்பப் பின்னால் நிற்க வேண்டி வந்தால் டிலே டவரைத் தேடுங்கள். சென்னை வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தம் 0.2 விநாடி பிந்தித்தான் வரும். அங்கே ஒரு கோபுரத்தில் கூடுதல் பாக்ஸ் வைத்து, அதே 0.2 விநாடி தாமதப்படுத்தி விடுவார்கள். அதுதான் டிலே டவர். டவருக்கும் மேடைக்கும் நடுவில், டவருக்கு மிகப் பக்கத்தில் நின்றால் இரண்டு சத்தமும் ஒத்துப்போகாமல் எதிரொலி மாதிரி இரட்டிக்கும். டவரைத் தாண்டி ஒரு பத்து மீட்டர் பின்னால் போய்விட்டால் தெளிவாக இருக்கும்.

காற்றும் ஒரு விஷயம். நம் ஊரில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து திரும்பும். மேடையிலிருந்து உங்கள் பக்கம் காற்று அடித்தால் ஒலி தரைப்பக்கம் வளைந்து வரும். எதிர்க்காற்றாக இருந்தால் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். கொஞ்ச தூரத்திலேயே பாட்டு அலை அலையாக வந்து போகிற மாதிரி இருக்கும். அந்த மாதிரி மைதானத்தில் வழக்கத்தைவிடப் பத்து மீட்டர் முன்னால் நகர்ந்துகொள்ளுங்கள். சென்னையின் ஈரக்காற்றுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: வறண்ட காற்றைவிட ஈரக்காற்று ட்ரெபிளைக் குறைவாகவே விழுங்கும். அதனால் சிம்பலின் மினுமினுப்பு தூரத்துக்கும் போய்ச் சேரும்.

அதே ஈரம் தோல் வாத்தியங்களுக்கு எதிரி. பறையின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். தீ மூட்டிக் காய்ச்சுவது அதற்காகத்தான். கானாவை ராக்கோடு கலக்கும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுக்களின் நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு மேடை ஏறிய அந்தக் குழுவில் ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். மறுபக்கம் பறை, சட்டி, டோலக். 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற கானாப் பாடகி இசைவாணி ராயபுரத்திலிருந்து போய்ப் பாடியது அந்த மேடைகளில்தான். சவுண்ட் என்ஜினியருக்கு இது கடினமான வேலை. பறைக்கும் ட்ரம்ஸின் ஸ்நேருக்கும் ஒலி ஒரே பகுதியில் விழும். இரண்டையும் ஏற்றினால் வாய்ஸ் மூழ்கிவிடும். கானாவில் வார்த்தைதான் உயிர் என்பதால் வாய்ஸ் மூழ்கினால் எல்லாம் போச்சு. இப்படிப்பட்ட குழுவுக்கு மிக்சர் பக்கம் நிற்பது இன்னும் அவசியம். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிட்டாரும் ட்ரம்ஸுமாக நடன இரவுகள் நடத்திய பகுதி இது. பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்பதைக் கேட்க நம்மைவிடத் தகுந்த காது யாருக்கு இருக்கிறது?

அந்தக் காதைப் பற்றித்தான் இனி. இதை மட்டும் யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி. 100 டெசிபலுக்கு 15 நிமிடம். ராக் நிகழ்ச்சிகளில் மிக்சர் இடத்திலேயே 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். முன்வரிசையில் அதைவிட அதிகம். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறையும், எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. திருவிழா என்றால் ஆறேழு மணி நேரம். கணக்கு எங்கே போய் நிற்கும் என்று தெரிகிறதல்லவா? உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

தீர்வு மலிவானது. காதடைப்பான் 15 டெசிபல் குறைத்தால் 100 என்பது 85 ஆகிவிடும். 15 நிமிடம் 8 மணி நேரமாக நீளும். மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் வீட்டில் மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் ஏற்கெனவே கிடக்கும். இல்லையென்றால் பாரிமுனையில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு டீ வடை செலவில் ஒரு ஜோடி வந்துவிடும். பாட்டுக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே வடிகட்டி வைத்த சிலிக்கோன் அடைப்பான்கள் ஆயிரம் ரூபாய்க்கு மேல். வித்தியாசம் என்னவென்றால், நுரை அடைப்பான் ட்ரெபிளை அதிகமாகவும் பேஸைக் குறைவாகவும் வெட்டும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மங்கும். வடிகட்டி வைத்தது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும், கலவை கெடாது. வருஷத்துக்கு மூன்று நான்கு நிகழ்ச்சிக்குப் போகிறவர் வடிகட்டி வைத்ததை வாங்குவது நல்லது. துவைத்துத் திரும்பத் திரும்பப் போடலாம்.

நுரை அடைப்பானைப் பெரும்பாலோர் தப்பாகத்தான் போடுகிறார்கள். அப்படியே காதில் திணித்தால் பாதி வெளியே நிற்கும், பிரயோஜனம் இல்லை. முதலில் கை கழுவுங்கள். அடைப்பானை விரல்களுக்கு இடையில் உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக்குங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, காது மடலை மேலேயும் பின்னாலும் இழுங்கள். வளைந்த காதுத்துளை நேராகும். குச்சியை உள்ளே விட்டு, விரலால் 20, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நுரை விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் சொந்தக் குரல் மண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்துக் கேட்கும். இரண்டு காதையும் உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் அடைப்பான் சரியாக இல்லை, எடுத்து மறுபடி போடுங்கள். பெட்டியில் 33 டெசிபல் என்று போட்டிருந்தாலும் கூட்டத்தில் ஆடி வியர்த்து நிற்கையில் கிடைப்பது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதியே நமக்குப் போதும். சாதாரணப் பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் எதையும் தடுக்காது. போட்டுவிட்டோம் என்கிற தைரியத்தில் இன்னும் கிட்டே போக வைக்கும் என்பதால் ஆபத்தும்கூட.

முதல் குழு தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காது இரைய ஆரம்பித்த பிறகு போடுவது தாமதம். நடுவில் பேசுவதற்காக எடுத்து எடுத்துப் போட வேண்டாம்: 100 டெசிபலில் அடைப்பான் இல்லாத ஒவ்வொரு 15 நிமிடமும் அந்த நாளின் முழுக் கணக்கையும் தீர்த்துவிடும். குழந்தையைக் கூட்டிப் போனால் தலையில் மாட்டும் காதுமூடிதான். சின்னக் காதுத்துளையில் நுரை அடைப்பான் நிற்காது.

காதடைப்பான் போட்டால் பாட்டு கெட்டுப்போகும் என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. 105 டெசிபலில் காதே தன்னைச் சுருக்கிக்கொள்ளும், கிட்டாரின் சுருதி வித்தியாசங்கள் ஒன்றோடொன்று குழம்பும். அடைப்பான் போட்டதும் பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்பதை நீங்களே உணரலாம். மேடையில் இருப்பவர்கள் காதுகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

முதல் இரண்டு பாட்டை வைத்து எந்தக் குழுவையும் எடைபோடாதீர்கள். திருவிழாவில் கடைசியாக வாசிக்கும் பெரிய குழுவுக்குத்தான் முழு சவுண்ட் செக் நடக்கும். மற்றவர்களுக்கு இடைவெளியில் ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டுமே நேரம். அதனால் முதல் பாட்டு ஓடும்போதுதான் என்ஜினியர் அளவுகளைச் சரிசெய்வார்: வாய்ஸ் அமுங்கியிருக்கும், ஒரு கிட்டார் காணாமல் போயிருக்கும். மைக் கூவினால், பாடகருக்குத் தன் குரலே கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸின் சத்தம் அதே மைக்குக்குள் திரும்பப் போய்ச் சுற்றுகிறது என்று அர்த்தம். பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இது இன்னும் மோசமாகும். மூன்றாவது பாட்டுக்குள் எல்லாம் அடங்கும். மதியம் 3, 4 மணிக்கு வாசிக்கும் புதுக் குழுக்களைத் தவறவிடவும் வேண்டாம். கூட்டம் குறைவு, மிக்சர் முன்னால் தாராளமாக நிற்கலாம், அடுத்த சில வருஷத்தில் யார் பெரிய குழு என்பது அந்த வெயிலில்தான் தெரியும்.

பாட்டுக்காக அல்ல, ஆட்டத்துக்காக முன்னால் போக ஆசைப்படுகிறவர்களும் உண்டு. நியாயமான ஆசை. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதி ஆடும் மாஷ் பிட் என்பது அடிதடி இல்லை, அதற்கு ஒழுங்கு இருக்கிறது. கீழே விழுந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். முழங்கை உயரக் கூடாது. ஆட விருப்பமில்லாமல் ஓரத்தில் நிற்பவரை இழுக்கக் கூடாது. கண்ணாடி, கழுத்துச் சங்கிலி, தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றி ஜிப் வைத்த பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். செருப்போடு யாரும் போகாதீர்கள்.

உண்மையான ஆபத்து ஆட்டத்தில் இல்லை, நெரிசலில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்பது வரை தாங்கலாம். ஐந்தாறைத் தாண்டினால் நம் கால் நம் சொல்பேச்சைக் கேட்காது. ஏழெட்டில் கூட்டமே தண்ணீர் மாதிரி அலையடிக்கும். திருவொற்றியூர்த் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். டென்மார்க்கின் ராஸ்கில்டே திருவிழாவில் 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலும் காரணம் மிதிபடுவது அல்ல, மார்பு அழுந்தி மூச்சு விட முடியாமல் போவது. நின்றபடியேகூட அது நடக்கும்.

அதனால் கவனிக்க வேண்டிய அறிகுறி: கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை, அல்லது நீங்கள் நகராமலே இடம் மாறுகிறீர்கள். அந்த நிமிடமே வெளியேறுங்கள், பிடித்த பாட்டு ஓடினாலும். குத்துச்சண்டைக்காரர் மாதிரி ஒரு காலை முன்வைத்து, இரண்டு முன்கையையும் மார்புக்கு முன்னால் மடித்து, நெஞ்சுக்கு இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளு அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும்போது கிடைக்கும் நொடியில் கூட்டத்துக்குக் குறுக்காக, சாய்வாக ஓரம் நோக்கி நகருங்கள். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். கையிலிருந்து எது விழுந்தாலும் குனியாதீர்கள், போனாகவே இருந்தாலும். தடுப்புக் கம்பிக்கு அருகில் இருந்தால் காவலர்களிடம் கை நீட்டினால் மேலே தூக்கி அந்தப் பக்கம் விடுவார்கள். மிக்சர் கூடாரத்துக்கு முன்னால் நிற்பதில் இதுவும் ஒரு லாபம்: அங்கே தள்ளு குறைவு, பக்கவாட்டில் வழி இருக்கும். பெண்கள் தனியாகப் போனாலும் அந்த இடம் நல்லது. பணியாளர்கள் எப்போதும் பக்கத்தில் இருப்பார்கள்.

உடம்புக்கு: காலையில் பழைய சோறும் நீராகாரமும் போதும், வயிறு கனக்காமல் உப்பும் தண்ணீரும் சேர்த்து உள்ளே போகும். வெளிச்சாப்பாடு, தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலான வாசல்களில் விடமாட்டார்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பெரும்பாலும் விடுவார்கள். பெரிய பொட்டலம் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டரில் கலக்கக் கூடாது, உப்பு அதிகமாகி வாந்தி வரும். பொட்டலம் இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு லிட்டரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து மைதானத்துக்குள் நுழையும் முன் குடித்துவிடலாம். வியர்வை நின்று, தோல் காய்ந்து, தலை சுற்றினால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும். பீர் குடிக்கிறவர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் அதே அளவு தண்ணீர் குடியுங்கள்.

பயணத்தில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூர் தேரடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமலே நந்தனம் போய் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு நடந்துவிடலாம். தீவுத்திடலுக்கும் அதே வண்டி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும். ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ராக் இரவு என்றால் கிண்டியில் இறங்கி பஸ். திரும்பும்போதுதான் சிக்கல். திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதனால் நிகழ்ச்சி பெரும்பாலும் 10க்கு முடியும். மெட்ரோ 11 மணி வரை. நடுவில் உள்ள ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருவார்கள். பயண அட்டையில் போகவர இரண்டுக்கும் பணம் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். டிக்கெட் வரிசையில் நின்றால் கடைசி வண்டி போய்விடும். கடைசிப் பாட்டுக்கு முந்திய பாட்டின்போதே வெளிவாசல் பக்கம் ஓரமாக நகர்ந்து, கடைசிப் பாட்டை அங்கே நின்று கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பது என்றால் முன்கூட்டியே வேன் பேசி நாலைந்து பேராகப் போவதே வழி. அந்தச் சாலையில் நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்டோவுக்கு நிற்பது வீண்.

வெளியூர் என்றால் பெங்களூரு முதலில். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழுவும் 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா குழுவும் அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்ததிலிருந்து சென்னை ரசிகர்களுக்கு அந்த ஊர் பழக்கம். ராக்கின் கனத்த வகையான மெட்டலுக்கு 2012 முதல் பெங்களூர் ஓப்பன் ஏர் திருவிழா இருக்கிறது. மும்பையில் 2023 ஜனவரியில் தொடங்கிய லொல்லபலூசா திருவிழா, மகாலட்சுமி குதிரைப்பந்தய மைதானத்தில். ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள். தாதரில் இறங்கி மேற்குப் பாதைக்கு மாறி, நின்று நின்று போகும் வண்டியில் மகாலட்சுமி. விரைவு வண்டி அங்கே நிற்காது. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. திருவிழா டிக்கெட் அதற்கு வெகுமுன்பே விற்பனைக்கு வந்துவிடும் என்பதால் அந்த 60ஆம் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் சென்னைத் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு முன்வரிசையின் விலையுயர்ந்த டிக்கெட் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிக்சர் பக்கம் நிற்கப் போகிறவருக்கு அந்த டிக்கெட் எந்த மாதத்திலும் தேவையில்லை.

வாசலில் சில சில்லறை விஷயங்கள். குடை, தலைக்கவசம், லைட்டர், வாசனைத் திரவியம் உள்ளே போகாது, மழைக்கோட்டு போகும். டிக்கெட்டின் கியூ.ஆர். குறியைச் செயலியிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் நொடிக்கு நொடி மாறும் குறி என்பதால் ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. உள்ளே நெட் வேலை செய்யாது. கூட வந்தவர்களைச் சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசிவையுங்கள், மேடையின் இடது பக்கம் என்று சொன்னால் குழப்பம் வரும். மிக்சர் கூடாரத்தின் பின்பக்க மூலை என்று சொன்னால் வராது. வீடியோ எடுத்தே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு பாட்டு, அதுவும் மிக்சர் முன்னாலிருந்து. முன்வரிசையில் எடுத்தால் போன் மைக்கால் அந்த பேஸைத் தாங்க முடியாது, வெறும் கரகரப்புதான் பதிவாகும்.

முடிந்து வரும்போது மெட்ரோவில் ஹெட்போன் போடாதீர்கள். காதுக்குக் குறைந்தது 16 மணி நேரம் அமைதி வேண்டும். அடைப்பான் போட்டவர்களுக்கு இரைச்சல் இருக்காது, அல்லது தூங்கி எழுந்ததும் போய்விடும். இரண்டு நாள் தாண்டியும் இரைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் இரண்டு நாள் காத்திருக்கவே கூடாது; அதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ஒன்றும் இல்லாதபோதே ஒருமுறை கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாக விழும். பேச்சு நன்றாகவே கேட்பதால் நமக்குத் தெரியாது. அடுத்த வருஷம் எடுக்கும் தாளைப் பழையதோடு வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் தெரிந்துவிடும். தெரிந்தால், அடுத்த திருவிழாவுக்கு இன்னும் அதிகமாகக் குறைக்கும் அடைப்பானுக்கு மாறுங்கள், மேடை கொஞ்சம் மறைந்தாலும் பரவாயில்லை, மிக்சரிலிருந்தும் பத்து மீட்டர் பின்னால் நில்லுங்கள்.